பிலிப்பைன்ஸ் இலக்கியத்தை அறிமுகம் செய்ய முனைவோருக்கு ஒரு திறந்த மடல்

உலக இலக்கியத் தொகைநூல்களைத் தமிழில் கொண்டுவரும் பதிப்பாளர்களுக்கும், தொகுப்பாசிரியர்களுக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வணக்கம்.

2025ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் புத்தகக் கண்காட்சியில் பிலிப்பைன்ஸ் சிறப்பு விருந்தினர் நாடாக இருந்த பிறகு, அந்நாட்டு இலக்கியத்தைப் பற்றிய அறிமுகக் கட்டுரைகள் நம் இதழ்களிலும் ஒன்றிரண்டு வரத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சியே. சில ஆண்டுகள் மணிலாவில் வேலை பார்த்து, தட்டுத் தடுமாறித் தகலாகு மொழியைப் படிக்கக் கற்றவன் என்ற உரிமையில், உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். அண்மையில் நான் படித்த கட்டுரை ஒன்று இலக்கியத்தை உரைநடை, செய்யுள் என இரண்டாகப் பிரித்து, நாவல், சிறுகதை, கட்டுரை, பழங்கதை என ஒரு பக்கமும், காப்பியம், தன்னுணர்ச்சிப் பாடல், நாடகக் கவிதை, வாதக் கவிதை என மறுபக்கமும் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இலக்கணம் சொல்லி முடிந்துவிட்டது. ஒரு கவிதையின் ஓர் அடிகூட அதில் இல்லை. பிலிப்பைன்ஸ் பள்ளிப் பாடநூல்களிலேயே 'துலுயான்', 'பதுலா' என்ற இந்த இரு பிரிவுகளும் இருப்பதால் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கு உதவுகிற அட்டவணை, அந்த மொழியின் ஒலியையே கேட்டிராத நம் வாசகனுக்கு எதையும் காட்டாது.

இலக்கியத்துக்கு அவர்கள் வழங்கும் 'பனிதிகான்' என்ற சொல், எழுத்து என்று பொருள்படும் 'திதிக்' என்ற வேரிலிருந்து பிறந்தது. அந்த இலக்கியத்தின் பெரும்பகுதி நெடுங்காலம் எழுத்தில் ஏறாமல் வாயிலும் காதிலும் வாழ்ந்தது என்பது இதிலுள்ள வேடிக்கை. ஆகவே வடிவங்களை ஒலியிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் கோரிக்கை. 'தனகா' என்னும் சிறுபாடலையே எடுத்துக்கொள்வோம். நான்கு அடி, அடிக்கு ஏழு அசை (நம் யாப்பின் நேர், நிரை அல்ல; ஓர் உயிரொலிக்கு ஓர் அசை என்ற கணக்கு), நான்கு அடிக்கும் ஒரே இறுதி இயைபு, அவ்வளவுதான். நோசேதா, சான்லூகார் என்ற பாதிரிமார் தொகுத்து 1754இல் அச்சேறிய தகலாகு அகராதியில், ஒரு சொல்லுக்கு எடுத்துக்காட்டாகப் போகிற போக்கில் பதிவான தனகா இது:

கதிதிபாய் கா துலோஸ்
சகாலிங் தத்னாங் ஆகோஸ்
அகோய் முமுந்திங் லூமோத்
சா இயோய் புபுலூபோத்.

ஆற்றில் அடித்து நிறுத்திய ஒரு முளையிடம் பாசி பேசுகிறது. 'முளையே, வெள்ளம் வந்தாலும் உறுதியாக நில். சின்னஞ்சிறு பாசி நான், உன்னைச் சுற்றிக்கொள்வேன்' என்பது பொருள். முதல் இரண்டு அடிகள் 'ஓஸ்' என்றும், அடுத்த இரண்டும் 'ஓத்' என்றும் முடிவதைக் கவனியுங்கள். ஆங்கிலக் கவிதையின் காதுக்கு இது இயைபே அல்ல. தகலாகு யாப்பிலோ உயிர் ஒன்றாக இருந்து, ஈற்று மெய்கள் ஒரே இனத்தில் அமைந்தால் போதும். ப, த, க, ஸ போன்றவை ஓரினம், ம, ன, ங, ல, ர, ய, வ போன்றவை மற்றோரினம். மெய்யெழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் எனக் கேட்டு வளர்ந்த நமக்கு இது உடனே பிடிபடும் செய்தி. பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசால் 1887இல் பெர்லினில் தகலாகு யாப்பைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார் என்பதையும், அதே ஆண்டு அதே நகரில்தான் அவருடைய 'நோலி மே தாங்கெரே' நாவல் அச்சானது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். நாவலாசிரியராக மட்டுமே நாம் அறிந்த மனிதர் அசை எண்ணிக்கொண்டிருந்தார்.

இரு பெட்டிப் பிரிவு உடைகிற இடம் 'அவித்', 'கொரிதோ' என்ற கதைப்பாடல்கள். அவித் அடிக்குப் பன்னிரண்டு அசை கொண்டது, நிறுத்தி நிதானமாகப் பாடப்படுவது. கொரிதோ எட்டு அசையில் விரைந்து ஓடுவது. அரசகுமாரர்கள், மாயப் பறவைகள், போர்கள் என நாவலுக்குரிய எல்லாச் சரக்கும் இவற்றில் உண்டு. நாவல் தோன்றும் முன்பு நாவலின் வேலையைச் செய்தவை இவை. தகலாகு கவிஞர் பிரான்சிஸ்கோ பலக்தாஸ் 1838இல் வெளியிட்ட 'புளோரந்தே அத் லாவ்ரா' ஓர் அவித்தான். கதை நடப்பது அல்பேனியாவில் என்று அவர் எழுதினார். அந்த நாட்டின் உள்ளும் புறமும் வஞ்சகமே அரசாள்கிறது என்று நாயகன் புலம்பும்போது, எந்த நாட்டைப் பற்றிய புலம்பல் அது என்பதை எஸ்பானிய (ஸ்பெயின்) காலனி ஆட்சியின் தணிக்கையின் கீழ் வாழ்ந்த வாசகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பலக்தாஸின் பெயரிலிருந்தே 'பலக்தாசன்' என்னும் மேடை வாதக் கவிதை பிறந்தது. அதற்கு முன்பு இழவு வீடுகளில் 'துப்லோ' என்றொரு விளையாட்டு உண்டு. அரசனின் பறவை காணாமல் போய்விட்டது என்று ஒருவர் தொடங்குவார். பழி சுமத்தப்பட்டவர் செய்யுளிலேயே வாதாடித் தப்பிக்க வேண்டும். தோற்றால் இறந்தவருக்காக ஜெபம் சொல்ல வேண்டும். கடலில் விழுந்த இளவரசியின் மோதிரத்தை வைத்து ஆடப்படும் 'கரகதான்' இதன் உடன்பிறப்பு. இந்த மரபை மேடைக்குக் கொண்டுவந்து, 1924 ஏப்ரல் 6 அன்று மணிலாவின் தொண்டோ பகுதியில் முதல் பலக்தாசன் நடந்தது. ஒரு மலரின் காதலுக்காக வண்டும் வண்ணத்துப்பூச்சியும் வழக்காடுவதாகக் கற்பனை. ஹோசே கொரசோன் தே ஹேசுஸும் புளோரெந்தீனோ கொல்யான்தெஸும் எதிரெதிரே நின்றார்கள். நடுவராக லோப்பே சாந்தோஸ் அமர்ந்தார். விரைவிலேயே இலோகானோ மொழியினர் தம் கவி புகானெக் பெயரில் புகானெகன் என்றும், கபம்பங்கான் மொழியினர் கிரிசோஸ்தோமோ சோத்தோவின் பெயரில் கிரிசோத்தன் என்றும் தமக்கான வடிவத்தை வைத்துக்கொண்டார்கள். இதை 'நம்மூர் லாவணி போன்றது' என்று அடிக்குறிப்பு போட்டுக் கடந்துவிடாதீர்கள். ஒப்புமை சரிதான், ஆனால் வண்டு பேசிய ஒரு பத்தியையாவது மொழிபெயர்த்துவிட்டு அதைச் சொல்லுங்கள்.

பாடப்படும் காப்பியங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நெல் அறுவடையிலும் இழவிலும் இஃபுகாவ் பெண்கள் முன்னின்று பாடும் 'ஹுத்ஹுத்', மாரனாவ் மக்களின் 72,000 அடி கொண்ட 'தராங்கென்' ஆகிய இரண்டும் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. அந்த மாரனாவ் மக்களிடமே இராவணன் 'மகாராதியா லவானா' என்ற பெயரில் ஒரு கதையில் உலவுகிறான். மிண்டோரோ தீவின் ஹனுனுவோ மங்யான் மக்களோ, ஏழசை அடிகளாலான 'அம்பஹான்' பாடல்களைப் பிராமி வழிவந்த தம் எழுத்தில் மூங்கில் மீது கத்தி முனையால் கீறி வைக்கிறார்கள்.

உரைநடைக்கு வந்தால், மொழியைக் குறிப்பிடாமல் எழுதுவதே நம் கட்டுரைகளின் பெருங்குறை. ரிசாலின் நாவல்கள் எஸ்பானிய மொழியில் எழுதப்பட்டவை. லோப்பே சாந்தோஸின் 'பனாவாக் அத் சிகாத்' 1906இல் நூலானது தகலாகில். பிலிப்பைன்ஸின் நவீன ஆங்கிலச் சிறுகதைக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படும் பாஸ் மார்க்கெஸ் பெனித்தெஸின் 'டெட் ஸ்டார்ஸ்' 1925இல் வந்தது. இருபது ஆண்டு இடைவெளிக்குள் மொழியே மாறிப்போன இவ்வரலாற்றைச் சொல்லாமல் 'பிலிப்பைன்ஸ் சிறுகதை' என்று பொதுவாக எழுதினால், ஆங்கிலத்தில் கிடைப்பது மட்டுமே அந்நாட்டு இலக்கியம் என்று நம் வாசகர் நினைத்துக்கொள்வார். பத்திரிகைகளின் ஓரங்களில் வெளிவந்த 'தக்லி' என்ற குறுங்கதைகளையும், 1922இல் தொடங்கிய 'லிவாய்வாய்' இதழின் தொடர்கதைகளையும் அவர் தேடவே மாட்டார்.

எனவே உங்கள் அடுத்த தொகைநூலில் ஒவ்வொரு படைப்பின் கீழும் அது எந்த மொழியில் எழுதப்பட்டது, எந்த மொழி வழியாகத் தமிழுக்கு வந்தது என்ற இரண்டையும் அச்சிடுங்கள். செய்யுளாக இருந்தால் மூலத்தின் நான்கு அடிகளையாவது தமிழ் எழுத்தில் கொடுங்கள். வாசகர் விரல் மடித்து எண்ணிப் பார்க்கட்டும். ஏழசைக்குள் தமிழ் அடங்காது என்று ஒரு மொழிபெயர்ப்பாள நண்பர் என்னிடம் வாதிட்டார். அவருக்காக நான் செய்து பார்த்தது இது:

ஊன்றி நில்லடா முளை,
ஓடி வந்தால் நீரலை;
சின்னப் பாசி நான் உனைச்
சூழ்ந்திறுக்கும் பச்சிழை.

'நில்லடா' என்ற உரிமையும், பாசி பச்சை இழையானதும் மூலத்தில் இல்லாதவை; அசைக்காகவும் இயைபுக்காகவும் நான் நுழைத்தவை. அவற்றை நீக்கிவிட்டு ஏழசையைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள்.

அன்புடன்,
உங்கள் நூல்களைத் தொடர்ந்து வாங்கிப் படிக்கும் ஒரு வாசகன்