ஒரே பாஸ்வேர்டு, ஆறு பேர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓடிபி சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்று பத்திரிகைகளில் வருவதையெல்லாம் படிக்கிறேன், நல்லதுதான். ஆனால் என்னைப் போல சின்ன ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. நாம் இல்லாத நேரத்தில் நம் கம்ப்யூட்டரைத் திறந்தது யார்?

நான் வேலை பார்ப்பது ஆறு பேர் இருக்கும் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். ஒரு திங்கட்கிழமை காலை டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்தால், சனிக்கிழமை நான் போட்டு முடித்த வவுச்சர்களில், அதாவது வரவு செலவுப் பதிவுகளில், மூன்றைக் காணோம். எங்களுடையது பழைய டேலி, திருத்தங்களைக் குறித்து வைக்கும் எடிட் லாக் எல்லாம் கிடையாது. உடனே எல்லோர் கண்ணும் புதிதாகச் சேர்ந்த பையன் மேல் போனது, ஏனென்றால் ஆபீஸ் சாவி இருக்கும் மூன்று பேரில் அவனும் ஒருவன். நான் ஊருக்குப் போயிருந்தேன் சார் என்று அவன் சொன்னதை யாரும் மறுக்கவும் இல்லை, நம்பவும் இல்லை.

சரி, கம்ப்யூட்டரையே கேட்போம் என்று உட்கார்ந்தேன். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று வரும், கம்ப்யூட்டரில் நடப்பதைக் காட்டும் பதிவேடு மாதிரி, அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் செக்யூரிட்டி. அட்மின் உரிமை உள்ள கணக்கிலிருந்துதான் இதைப் பார்க்க முடியும். ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே ஓர் எண் இருக்கும்: 4624 என்றால் யாரோ உள்ளே வந்தது, 4625 என்றால் பாஸ்வேர்டு தப்பாகப் போட்டுத் தோற்றது. முதல் தடவை பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் 4624 இருக்கும். பயப்பட வேண்டாம், அதில் முக்கால்வாசி விண்டோஸே தன் வேலைக்காகத் தனக்குள் போட்டுக்கொள்வது. ஒவ்வொன்றையும் திறந்து லாகான் டைப், அதாவது எந்த வழியாக நுழைந்தது, என்ற வரியைப் பாருங்கள். 5 என்றால் சிஸ்டம் வேலை, விட்டுவிடலாம். 2 என்றால் கீபோர்டு முன்னால் ஆள் உட்கார்ந்து நுழைந்தது, 7 என்றால் பூட்டியிருந்த திரையைத் திறந்தது, 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வெளியிலிருந்து வந்தது. 1102 இருந்தால் யாரோ இந்தப் பதிவையே துடைத்திருக்கிறார்கள், அதுதான் உண்மையில் கவலைப்பட வேண்டியது.

இதிலும் ஏமாற இடம் உண்டு. அப்டேட் முடிந்து மெஷின் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும்போதுகூட நாம் நுழைந்தது மாதிரி பதிவு விழலாம். எங்கள் ஆபீஸிலேயே இன்னொரு மெஷினில் கடிகாரத்தை ஓட்டும் போர்டு பேட்டரி தீர்ந்துபோய், நெட் வரும்வரை தேதி பல வருஷம் பின்னால் நிற்கும். அதனால் யாரையாவது கைகாட்டுவதற்கு முன் கடிகாரத்தைச் சரிபாருங்கள். தள்ளியும் போடாதீர்கள், அந்தப் பதிவுக்கு விண்டோஸ் வழக்கமாக ஒதுக்குவது 20 எம்பிதான், நிறைந்தால் பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதும்.

நான் தேடியது கிடைத்தது. ஞாயிறு காலை 11.17, டைப் 2. எதிரே பயனர் பெயர்: ஆபீஸ்.

அந்தப் பெயரில்தான் நாங்கள் ஆறு பேரும் நுழைகிறோம்! பாஸ்வேர்டு தினசரி காலண்டர் அட்டையில் பேனாவால் எழுதியிருக்கிறது, டீ கொண்டு வருகிறவர்கூடப் படிக்கலாம். ஆக, ஞாயிற்றுக்கிழமை யாரோ உட்கார்ந்தார்கள் என்பது வரை கம்ப்யூட்டர் சரியாகச் சொல்லிவிட்டது, யார் என்று சொல்ல நாங்கள்தான் வழி வைக்கவில்லை. பையனைக் குற்றவாளி என்று காட்டவும் முடியவில்லை, அவன் இல்லை என்று காட்டவும் முடியவில்லை. யாரும் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் சாவியை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டான்.

இதில் கொடுமை என்னவென்றால், கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பது ஆடிட்டர் வேலை. ஊருக்கெல்லாம் பார்த்துக் கொடுக்கிற எங்கள் லட்சணம் இது.

ஆளுக்கொரு பயனர் கணக்கு போட்டுக் கொடுக்க விண்டோஸில் காசு கேட்பதில்லை, செட்டிங்ஸில் ஆளுக்கு ஐந்து நிமிஷ வேலை. எழுந்து போகும்போது விண்டோஸ் பட்டனோடு எல் அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். இதைச் சொன்னால், "ஏன், நமக்குள்ளே நம்பிக்கை இல்லையா?" என்று கேட்கிறார்கள். தனித்தனிக் கணக்கு இருந்திருந்தால் அன்றைக்கு அந்தப் பையனைக் காப்பாற்றியிருக்கும் என்பது என் எண்ணம், ஒருவேளை அவன்தான் செய்திருந்தால் அதுவும் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நான் மற்ற ஐந்து பேருக்கும் பயனர் கணக்கு போட்டு வைத்துவிட்டேன். இருவர் பயன்படுத்துகிறார்கள். காலண்டர் அட்டையில் பாஸ்வேர்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு கணக்கர், கும்பகோணம்