கில்டைக் கலைச்சாச்சு, நன்றி சொல்ல வேண்டியது பாக்கி இருக்கு

எல்லாருக்கும் வணக்கம். பசியாறிட்டீங்களா?

நேத்து ராத்திரி 11 மணிக்கு மேல உட்காந்து, ரேக்னரோக் ஆன்லைன் கேம்ல நாம ஒரே குழுவா ஆடிக்கிட்டிருந்த நம்ம கில்டைக் கலைச்சேன். ரேக்னரோக்ல லீடரா இருக்கிறவன் சும்மா எழுந்து போயிட முடியாது, நம்ம ஆடுற சர்வர்ல தலைவர் பதவிய இன்னொருத்தர் பேருக்கு மாத்தி விடுற வசதியும் இல்ல, ஒவ்வொருத்தரா எக்ஸ்பெல் பண்ணி கடைசில தனியாளா நின்னாதான் கில்டைக் கலைக்கிற பிரேக்கில்டு கமாண்டே வேலை செய்யும். 23 பேரு. ஒவ்வொரு பேருக்கும் ஒரு குட்டிக் கட்டம் வந்து ஏன் வெளியேத்துறேன்னு காரணம் கேக்குது. மொத ஆளுக்கு "நன்றி அண்ணே"ன்னு அடிச்சேன். ரெண்டாவது ஆளுக்கு "கணக்குக்கு நன்றி அக்கா". மூனாவது ஆளுக்கு வந்தப்ப சொல்ல வேண்டியது அந்தக் கட்டத்துல அடங்கல, அதான் இங்க எழுதுறேன்.

பேராக்ல நம்ம ஊரு சுங்கை சிப்புட் டவுன்ல சைபர் கஃபே வெச்சிருந்த தவுக்கே, அதான் கடை முதலாளி, அவருலருந்து ஆரம்பிக்கிறேன். கடைய மூடி ரொம்ப வருசமாச்சு, இப்ப அங்க ஃபோன் கவர் விக்கிறாங்க. 2005 வாக்குல நான் ஸ்கூல்ல படிவம் 4, கஃபேல மணிக்கு 2 வெள்ளி (ரிங்கிட்), வீட்டுல குடுக்கிறது நாளுக்கு 3 வெள்ளி, அதுலயே பஸ்ஸு அதுலயே சாப்பாடு. கில்டுங்க மோதிக்கிட்டு கோட்டை புடிக்கிற கோட்டைச் சண்டை ரெண்டு மணி நேரம் ஓடும். பாதியில காசு தீர்ந்து ஸ்க்ரீன் லாக் ஆகப் போற நேரத்துல அவரு கவுன்டர்லருந்து எட்டிப் பாத்துட்டு, ஒன்னும் கேக்காம அரை மணி நேரம் ஏத்தி விடுவாரு. "பேசோக் பாயார் லா", நாளைக்குக் காசு குடுன்னுவாரு, அவ்ளோதான். அத்தனையும் பாயார் பண்ணுனேனான்னு கேட்டீங்கன்னா, இல்ல. தவுக்கே, நீங்க தமிழ் படிக்க மாட்டீங்க, உங்க மகன் யாரையாவது வெச்சி படிச்சிச் சொல்லுவான்னு நம்புறேன்.

நான் எப்படித் தலைவரானேன்னு புதுப் பசங்களுக்குத் தெரியாது. கில்டு தொடங்கணும்னா கேம்ல எம்பீரியம்னு ஒரு கல்லு பையில இருக்கணும், அந்தக் காலத்துல எங்களுக்கு அது யானை விலை. செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுற அண்ணன் பாதி ஸெனி, அதான் கேம் காசு, போட்டாரு, மத்தவங்க இருந்ததப் போட்டாங்க, வாங்கப் போன ஆளு நானு. வாங்குன பொருளு என் பையில இருந்துச்சு, அதனால நான் தலைவர். வேற தகுதி ஒன்னும் கெடையாது. அண்ணே, கேம்ல உங்க அல்கெமிஸ்ட் காய்ச்சிக் குடுத்த வொயிட் போஷன் மருந்து இல்லன்னா நாங்க ஒரு கோட்டை வாசலையும் தாண்டியிருக்க மாட்டோம், அதுவும் நீங்க காலையில 5 மணிக்கு லோரி எடுக்கணும்னு தெரிஞ்சும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் செடி பொறுக்குனீங்க.

இப்ப அக்கா. கேம்ல ப்ரீஸ்டா ஆடுற நம்ம அக்கா.

மொத வருசம் ஆரம்பத்துல கில்டுல 16 பேருக்குதான் எடம், எக்ஸ்டென்ஷன் ஸ்கில் ஏத்துனாதான் ஆள் சேக்க முடியும், அதுக்கு கில்டு லெவல் ஏறணும், அதுக்கு எல்லாரும் அடிக்கிற எக்ஸ்பில (அனுபவப் புள்ளியில) ஒரு பங்க கில்டுக்கு விடணும். நான் யாரையும் கேக்காம 30 சதவீதம்னு வரி போட்டுட்டேன். அக்கா கில்டு சாட்லயே கேட்டாங்க, "ஏன்டா, நீ என்ன கங்காணியா, தலைக்காசு வாங்குற?" அவங்க பாட்டி தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்து பால் மரம் (ரப்பர்) வெட்டுனவங்க, ஆள் வேலைக்கு வந்தா தலைக்கு இவ்வளவுன்னு கங்காணி வாங்குன கதையெல்லாம் அவங்களுக்கு மனப்பாடம். நான் அன்னிக்கு கோவத்துல லாக் அவுட் பண்ணிட்டேன். மறுநாள் வந்து 10ன்னு கொறச்சேன். அந்த வாரத்துலருந்து கோட்டையில கெடைக்கிற ட்ரெஷர் பாக்ஸுல என்ன வந்துச்சு, யாருக்குப் போச்சு, எவ்வளவுக்கு வித்தோம்னு அக்காவே எழுத ஆரம்பிச்சாங்க, எதுல தெரியுமா, மளிகைக் கடையில கடன் எழுதுற அந்த 555 நோட்டுல. இன்னி வரைக்கும் பங்கு பிரிக்கிறதுல நம்ம கில்டுல சண்டை வந்ததில்ல. மத்த கில்டெல்லாம் ஒரு கார்டுக்காக ரெண்டா ஒடைஞ்சத நீங்களே பாத்திருக்கீங்க.

எமர்ஜென்சி கால் கதையச் சொல்லாம விட்டா பசங்க விட மாட்டாங்க. தலைவர் மட்டும் போடக்கூடிய ஸ்கில் அது, போட்டா கில்டு ஆளுங்க எங்க நின்னாலும் தலைவர் நிக்கிற எடத்துக்கு இழுத்துக்கிட்டு வந்துரும், திரும்பப் போட 5 நிமிசம் காத்திருக்கணும். எமர்ஜென்சின்னா நம்ம ஊருக்குப் புதுசு இல்ல, 1948 ஜூன்ல இங்க மூனு தோட்டத் துரைங்களச் சுட்டுக் கொன்னதுக்கு அப்புறம்தான் மலாயா முழுக்க அவசரகாலம்னு போட்டாங்க. நான் போட்டது அதுக்கு அடுத்த பெரிய தப்பு. பத்து நிமிசம் தாக்குப் பிடிச்சா கோட்டை நம்மளோடது, எல்லாரும் உள்ள, ஒடைச்சா கோட்டையே கைமாறுற எம்பீரியத்தச் சுத்தி நிக்கிறாங்க, நான் பாட்டுக்கு வெளிய மொத ரூம்ல எவனையோ துரத்திக்கிட்டுப் போயி பதட்டத்துல ஸ்கில்ல அமுக்கிட்டேன். மொத்தப் பேரும் என் பக்கத்துல வந்து குதிச்சாங்க. உள்ள எதிரி கில்டோட ஒரே ஒரு அசாசின், எதிர்க்க ஆளே இல்லாம எம்பீரியத்த டக்கு டக்குன்னு குத்திக்கிட்டு இருக்கான். கோட்டை போச்சு. சாட்ல ஒரு நிமிசம் யாரும் பேசல, அப்புறம் மலாய் கம்பத்துலருந்து (கிராமத்துலருந்து) ஆடுற நம்ம ஹன்டர் தம்பி, "தாப்பா பாங் (பரவால்ல அண்ணே), எல்லாரும் ஒன்னா இருக்கோம்"னு பாதி மலாய் பாதி தமிழ்ல அடிச்சான். நம்மகிட்ட பழகிக் கத்துக்கிட்ட தமிழ். அடேய் தம்பி, நேத்து அந்தக் கட்டத்துல எடம் பத்தாத மூனாவது ஆளு நீதான்.

கில்டுல நைட் வீரனா ஆடி, கோவிச்சிக்கிட்டுப் போன தம்பிக்கும் ஒரு நன்றி. தலைவன் முடிவெடுக்க மாட்டேங்குறான், எல்லாத்துக்கும் அக்காவக் கேக்குறான்னு சொன்ன, சரியாத்தான் சொன்ன, ஆனா அக்காவக் கேட்டது தப்புன்னு இப்பவும் எனக்குத் தோணல.

அம்மாவுக்கு. "கோட்டை புடிக்கிறானாம் கோட்டை, வீட்டுக் கூரை ஒழுகுது"ன்னு திட்டிக்கிட்டே மைலோ கலக்கி கீபோர்டு பக்கத்துல வெச்சிட்டுப் போவாங்க. கூரைய அப்புறம் மாத்திட்டோம்.

இனிமே எனக்கு நைட் ஷிப்டு, வீட்டுல கைக்குழந்தை, சண்டை நேரத்துக்கு வர முடியல. புது கில்டுக்கு எம்பீரியம் நேத்தே ஹன்டர் தம்பி பையில போட்டுட்டேன், இந்தத் தடவை அவன் தலைவர். மிச்ச ஸெனியெல்லாம் அக்காகிட்ட இருக்கு, நோட்டும் அவங்ககிட்டதான் இருக்கு, வரி எவ்வளவு போடலாம்னு மொதல்ல அவங்களக் கேட்டுக்க தம்பி.