ஆண்டறிக்கை: லாயப் படுக்கையில் பீட்டுக்கு மாற்று

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, குதிரை வளர்க்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

லாயங்களில் குதிரைகளுக்குப் படுக்கையாகப் பீட், அதாவது சதுப்பில் பாசி பாதி மட்கிப் படிந்த பொருள், பரப்புவதைப் படிப்படியாகக் கைவிடுவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். இவ்வாண்டின் பணிகள் பெரும்பாலும் அதையொட்டியே அமைந்தன. வழக்கமான கூட்டங்களும் குளம்புப் பராமரிப்புப் பயிற்சியும் குறையின்றி நடந்தன.

பீட்டை விட மனமில்லாத உறுப்பினர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. அந்தப் பொருள் இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது. சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. பீட் அதை அம்மோனியமாக மாற்றித் தன்னிடமே பிடித்துவைக்கிறது. அதனால்தான் அந்த லாயங்களில் கண் எரிவதில்லை. ஆனால் ஒரு மீட்டர் பீட் படிய ஏறத்தாழ 1,000 ஆண்டுகள் ஆகும். உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்கள், எல்லாக் காடுகளின் மரஞ்செடிகளில் இருப்பதைவிட அதிகக் கரிமத்தைத் தேக்கி வைத்திருக்கின்றன. வடிகால் வெட்டி உலர்த்தத் தொடங்கியதுமே அந்தக் கரிமம் காற்றில் கலக்கிறது. சில வாரப் படுக்கைக்காக அதைத் தோண்டுவது தகாது என்பதே செயற்குழுவின் முடிவு. தவிர, பீட் என்றும் கிடைக்கும் என்று இருந்துவிடவும் முடியாது. பின்லாந்தில் எரிபொருளுக்காகப் பீட் எடுப்பது சரிந்தபோது லாயங்களிலும் தட்டுப்பாடு வந்தது.

மாற்றுகளில், வைக்கோலை அழுத்திச் செய்யும் சிறு உருளைகளான வைக்கோல் பெல்லட்தான் நம் உறுப்பினர்களுக்கு அதிகம் பிடித்திருக்கிறது. தண்ணீர் தெளித்ததும் உப்பி மெத்தென்று ஆகிவிடும். நனைந்த இடத்தை மட்டும் அள்ளினால் போதும். அழுத்தும்போது ஏற்படும் சூட்டில் பூஞ்சை பெரிதும் குறைந்துவிடுவதால், இருமும் குதிரைகளுக்குச் சாதாரண வைக்கோலைவிட ஏற்றது. படுக்கையைத் தின்னும் குதிரை இருந்தால் முதல் நாட்களில் கவனம் வேண்டும். அளவு மீறினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

ஹெம்ப் என்னும் நார்ப்பயிர்த் தண்டின் உட்சக்கை ஈரத்தை நன்றாக உறிஞ்சும், எருவாகவும் விரைவில் மட்கும். மரச்சீவல் அப்படியல்ல. அதில் கரிமம் மிகுதி, நைட்ரஜன் குறைவு. லத்தியோடு குவித்தாலும் மட்க நெடுநாள் பிடிக்கும், உழவர்கள் வாங்கத் தயங்குவார்கள். சீவல் வாங்கும்போது எந்த மரம் என்று கட்டாயம் கேளுங்கள். கருப்பு வால்நட் மரச்சீவல் கலந்திருந்தால் குளம்பு அழற்சி வரும். நெல் உமி ஈரத்தை அதிகம் உறிஞ்சாது என்பதால் அதைப் பரிந்துரைக்கவில்லை.

எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது ஈரநிலப் பயிர்கள். வடிகாலை அடைத்து நீரைத் திரும்பத் தேக்கிய பீட் நிலத்தில் நாணல் வளர்த்து, அதை அறுத்து நறுக்கிப் படுக்கையாக்கலாம். நிலத்திலுள்ள பீட் நிலத்திலேயே இருக்கும். நமக்கும் படுக்கை கிடைக்கும்.

எந்த மாற்றும் பீட்டைப் போல அம்மோனியாவைக் கட்டிப்போடாது. ஆகவே ஈரத்தைத் தினமும் அகற்றுவது, காற்றோட்டத்துக்குத் திறப்புகள் விடுவது, தீவனத்தில் தேவைக்கு மேல் புரதம் சேர்க்காதிருப்பது ஆகிய மூன்றையும் எல்லா லாயங்களிலும் கடைப்பிடிக்கக் கோருகிறேன். பெல்லட்டைக் கூட்டாகக் கொள்முதல் செய்யும் தீர்மானம் இன்று உங்கள் ஒப்புதலுக்கு வருகிறது. நாணல் படுக்கையைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர் கூட்டம் முடிவதற்குள் பெயர் கொடுங்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து முன்வைப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்