சிங்கத்துக்குச் சட்டை மாட்டும் முன்

2030 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளின் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். அகமதாபாத் போட்டிகளுக்கான சின்னத்தை இன்று இல்லாவிட்டால் நாளை நீங்கள் அறிவித்தாக வேண்டும். அது கிர் காட்டுச் சிங்கமாகத்தான் இருக்கும் என்று பலரும் இப்போதே சொல்லிவிடுவார்கள்; 2022இல் குஜராத்தில் தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோதே ‘சாவஜ்’ என்ற சிங்கம் சின்னமாக வந்து போயிற்று. சிங்கம் கூடாது என்பதற்காக இதை எழுதவில்லை. உயிருள்ள ஒரு விலங்கின் முகத்தை இரவல் வாங்குகிறவர்கள், அந்த விலங்குக்கு என்ன திருப்பித் தரப்போகிறார்கள் என்பதையும் அறிமுக விழாவிலேயே சொல்ல வேண்டும் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

போட்டிச் சின்னம் வெறும் பொம்மை அல்ல என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1966 உலகக் கோப்பைக் கால்பந்தில் இங்கிலாந்து பிரிட்டன் கொடியையே சட்டையாக மாட்டிவிட்ட ‘வில்லி’ சிங்கம் தொடங்கி, ஒவ்வொரு நாடும் தன்னை உலகம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று விரும்பியதோ அதையே சின்னமாக வடித்திருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் ‘வால்டி’ என்ற குட்டைக்கால் நாயின் உடலில் இளநீலமும் பச்சையும் மஞ்சளும் உண்டு. நாஜிகள் நடத்திய 1936 பெர்லின் ஒலிம்பிக்கின் நினைவு எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று வடிவமைப்பாளர்கள் கவனமாக இருந்ததால், அந்த ஆட்சியின் நிறங்களான சிவப்புக்கும் கறுப்புக்கும் அங்கே இடமில்லை. 2024இல் பாரிஸ் எந்த விலங்கையும் தேடாமல், பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் அணிந்த சிவப்புத் தொப்பிக்குக் கண்ணும் காலும் வைத்தது; பாராலிம்பிக் சின்னத்தின் ஒரு கால் ஓட்டப் பந்தய வீரர்கள் அணியும் செயற்கைக் கால். தொப்பிக்குப் பசிக்காது, அதற்குக் காடும் வேண்டாம். விலங்கைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

1982 டெல்லி ஆசிய விளையாட்டின் ‘அப்பு’வை என் தலைமுறை மறக்காது. என் பள்ளி நோட்டுப் புத்தகத்தின் லேபிளில், பெயர் எழுதும் கோட்டுக்கு மேலே, அந்த யானைக்குட்டி துள்ளிக்கொண்டிருக்கும். தும்பிக்கையின் மீது மை பட்டுவிடாமல் பெயரெழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தப் படத்துக்குப் பின்னால் குட்டிநாராயணன் என்று ஓர் உண்மையான யானை இருந்தது என்பதும், சிறு வயதிலேயே அது கழிவுநீர்த் தொட்டியில் கால் தவறி விழுந்து எலும்பு முறிந்து, முழுதாகக் குணமாகாமலே 2005இல் கேரளத்தில் இறந்தது என்பதும் பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. லேபிளில் இருந்த யானைக்கு மட்டும் கடைசிவரை நான்கு காலும் நன்றாகவே இருந்தன.

இதைவிட உறுத்தும் கதை பிரேசிலுடையது. 2014 உலகக் கோப்பைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது, பயந்தால் தன்னைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும், ஓடு போர்த்த சிறு விலங்கான ஒருவகை ஆர்மடில்லோ. அது பிரேசிலில் மட்டுமே வாழ்வது. காட்டிங்கா என்ற வறண்ட முட்காடு அழிய அழியத் தானும் அருகி வருவது. கால்பந்து, சூழலியல் என்ற இரு போர்த்துக்கீசியச் சொற்களை ஒட்டி அதற்கு ‘ஃபுலெக்கோ’ என்று பெயரும் சூட்டினார்கள். பெயரிலேயே சூழலியல் இருக்கிறதே என்று சில ஆய்வாளர்கள் அதை மெய்யென்று எடுத்துக்கொண்டு, போட்டியில் விழும் ஒவ்வொரு கோலுக்கும் 1000 ஹெக்டேர் காட்டிங்காவைப் பாதுகாப்பார்களா என்று ஃபிஃபாவையும் பிரேசில் அரசையும் ஓர் ஆய்விதழில் கேட்டார்கள். அந்தப் போட்டியில் விழுந்தவை 171 கோல்கள். கோரிக்கையை ஏற்றிருந்தால் 1,71,000 ஹெக்டேர் காடு தப்பியிருக்கும், ஏற்கவில்லை. பொம்மைகள் மட்டும் கடைகளுக்கு வந்தன.

சங்க காலக் குறுநிலத் தலைவர்கள் காவல் மரம் ஒன்றை வைத்திருந்தார்கள். அதுவும் ஒருவகையில் சின்னம்தான். ஆனால் அதில் ஒரு கிளை முறிந்தாலும் மரத்துக்கு உரியவனுக்கு அது இழுக்கு. கடம்பர்களின் கடம்ப மரத்தை வெட்டி முரசு செய்ததைச் சேரன் தன் பெருவெற்றியாகப் பாட வைத்தான் என்றால், சின்னத்தைக் காக்கும் கடமை எவ்வளவு பெரிதாக மதிக்கப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கிர் சிங்கத்துக்கு வருகிறேன். 2020இல் 674 ஆக இருந்த ஆசியச் சிங்கங்கள் 2025 கணக்கெடுப்பில் 891 ஆகியிருக்கின்றன. குஜராத் வனத்துறைக்கும், மாட்டை இழந்தும் சிங்கத்தை வெறுக்காத அந்த மண்ணின் கால்நடை வளர்ப்போருக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் உலகின் ஆசியக் காட்டுச் சிங்கங்கள் அத்தனையும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. ஒரு கொள்ளைநோய் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 ஒரு முன்னோட்டம்: சில வாரங்களில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் மாண்டன, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றில் கண்டறியப்பட்டது. இந்த ஆபத்தைக் கருதித்தான், சில சிங்கங்களை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுசெல்லுமாறு உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2022இல் குனோவுக்கு வந்து இறங்கியவை நமீபியாவின் சிவிங்கிப்புலிகள்.

ஆகவே, சிங்கத்தையே தேர்ந்தெடுப்பதானால் அதற்கு இரண்டாவது இருப்பிடம் எங்கே, எப்போது என்பதை குஜராத் அரசிடமும் மத்திய அரசிடமும் கேட்டு, அந்தப் பதிலைச் சின்னத்தோடு சேர்த்தே வெளியிடுங்கள். பொம்மை, பனியன் விற்பனையில் கிடைக்கும் உரிமத் தொகையில் எவ்வளவு எந்தக் காட்டுக்குப் போகிறது என்பதை ஆண்டுதோறும் கணக்காக வையுங்கள். தேர்வு இன்னும் முடியவில்லையென்றால், கட்ச் புல்வெளியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோன கானமயிலையும் பட்டியலில் சேருங்கள். மின்கம்பிகளில் மோதிச் சாகும் அந்தப் பறவையைப் போட்டிகள் நடக்கும் மாநிலத்திலேயே பலர் பார்த்திருக்க மாட்டார்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அப்பு லேபிள் ஒட்டிய நோட்டில் எழுதிப் படித்த ஒருவன்
சென்னை