ஹெட்லைட் மங்கினால் பல்பை மாற்றுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கில் வெளிச்சம் போதவில்லை என்பவர்கள் கூடுதல் வாட் கொண்ட பல்பை மாட்டிக்கொள்ளலாம் என்று தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் வந்த குறிப்பைப் படித்தேன். இரவில் நெடுந்தூரம் வண்டி ஓட்டுபவன் என்ற முறையிலும், அதே யோசனையைக் கேட்டு பல்பு ஹோல்டரைக் கருக்கிக்கொண்டவன் என்ற முறையிலும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

வெளிச்சம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. தடையைக் கண்டு பிரேக்கில் கை வைக்க ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால் அதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையிலும் வண்டி நிற்க மேலும் 40 மீட்டர் வரை வேண்டியிருக்கும். டிம் வெளிச்சத்திலோ, கறுப்பு உடை அணிந்து சாலையோரம் நடப்பவர் 50 மீட்டருக்குள் வந்த பிறகே பெரும்பாலும் கண்ணில் படுகிறார்.

என் வண்டியில் இருப்பது எச்4 என்ற வகையைச் சேர்ந்த 60/55 வாட் ஹாலோஜன் பல்பு. அதாவது பிரைட்டில் 60 வாட், டிம்மில் 55 வாட். அதை எடுத்துவிட்டு 100/90 வாட் பல்பை மாட்டினேன். முதல் சில இரவுகள் திருப்தியாகவே இருந்தன. சில வாரங்களில் ஓடும்போதே பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தது. கழற்றிப் பார்த்தால், வெள்ளை நிறத்தில் இருந்த ஹோல்டர் டீத்தூள் நிறத்துக்கு மாறி, ஒரு முனை இளகி உள்ளே சரிந்திருந்தது; பல்புக்கு நேர் மேலே, ஒளியைச் சாலைக்குத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டரின் பளபளப்பும் மங்கிவிட்டது. மெக்கானிக் பல்பு போலி என்றார். பல்பில் குற்றம் இல்லை என்பது மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்த பிறகுதான் தெரிந்தது.

எஞ்சின் ஓடும்போது, பழைய 55 வாட் பல்பு எரிய எரியப் பார்த்ததில், பேட்டரி முனைகளில் 13.6 வோல்ட் இருந்தது; பல்பின் முனைகளுக்கு வந்து சேர்ந்தது 11.9 மட்டுமே. மீதி 1.7 வோல்ட், களிம்பேறிய இணைப்புகளிலும் கைப்பிடி சுவிட்சிலும் மெல்லிய ஒயரிலும் கரைந்துபோயிருந்தது. ஹாலோஜன் பல்பு இந்த இழப்பைப் பொறுத்துக்கொள்வதில்லை. அதன் ஒளி அளவு 13.2 வோல்ட்டில் கணக்கிடப்படுவது. மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைந்துவிடும். என் வண்டியில் நடந்தது அதுவே. அதே ஒயரில் 90 வாட் பல்பை மாட்டும்போது மின்னோட்டம் நாலரை ஆம்பியரிலிருந்து ஏழரை ஆம்பியரை நோக்கி ஏறுகிறது. வழியில் இழக்கும் வோல்ட்டும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஒயரிலும் ஹோல்டரிலும் பிறக்கும் சூடோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இரண்டரை மடங்கைத் தொட்டுவிடுகிறது. சாலைக்குப் போகவேண்டிய மின்சாரத்தில் நான் ஹோல்டரை வறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே முதலில் செய்யவேண்டியது, விளக்கு எரியும்போது பல்பின் முனைகளில் மின்னழுத்தத்தை அளப்பது. பேட்டரிக்கும் பல்புக்கும் இடையிலான வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரிங்கைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அதற்கு மேல் இருந்தால், எர்த் இணைப்பையும் சேர்த்து எல்லா முனைகளையும் சுரண்டிச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் டிம்முக்கு ஒன்றும் பிரைட்டுக்கு ஒன்றுமாக இரண்டு ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) வைப்பது நல்லது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தடித்த ஒயர் ரிலேயின் 30ஆம் முனைக்கும், அங்கிருந்து 87ஆம் முனை வழியாகப் பல்புக்கும் செல்லும். பழைய சுவிட்ச் ஒயர் 85, 86 முனைகளில் ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் பார்க்கும். அப்போது சுவிட்சில் கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரமே ஓடும். ஃபியூஸைப் பேட்டரிக்கு அருகிலேயே வைக்க வேண்டும். அதை விட்டுவிட்டுச் செய்யும் வேலையை நான் பார்த்திருக்கிறேன், அது தீப்பெட்டியைச் சீட்டுக்கு அடியில் வைப்பதற்குச் சமம். முகப்பு விளக்கு பேட்டரியிலிருந்து எரியாமல், எஞ்சின் சுழலும்போது மின்சாரம் தரும் மேக்னெட்டோ காயிலிலிருந்து நேரடியாக ஏசி மின்சாரத்தில் எரியும் பழைய வண்டிகளுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. ரிலே வைத்த பின் என் வண்டியில் அதே 55 வாட் பல்புக்கு 13.2 வோல்ட் கிடைக்கிறது.

சிறிய வண்டிகளில் வரும் 35/35 வாட் எச்எஸ்1 பல்பின் அடிப்பகுதி எச்4 பல்பைப் போலவே தோன்றும். அடிப்பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் காதுகளை அரத்தால் ராவி எச்4 பல்பைத் திணிக்கும் வழக்கமும் உண்டு. அந்தக் காதுகள் வேறுபட்டிருப்பதே இப்படித் திணிக்கக் கூடாது என்பதற்காகத்தான். நீலப் பூச்சுப் பூசிய பல்புகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை: பூச்சு ஒளியில் ஒரு பங்கை வடிகட்டிவிடுவதால் வெளிச்சம் வெள்ளையாகத் தெரியுமே தவிர சாலை அதிகம் தெரியாது.

எல்இடி பல்புகளின் விஷயம் வேறு. எச்4 பல்புக்குள் டிம் இழையின் அடியில் ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருக்கும். ஒளி கீழ்ப்புற ரிஃப்ளெக்டரில் படாமல் தடுத்து, எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராக ஒளி எழாதபடி மேல்விளிம்பை வெட்டிக் கொடுப்பது அந்தக் கிண்ணம்தான். ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த மெல்லிய இழை இருக்கும் இடத்தை வைத்தே வடிவமைக்கப்பட்டது. அந்த இடத்தில், பட்டையான ஒரு தகட்டின் இருபுறமும் எல்இடி சில்லுகளை ஒட்டி வைத்தால், ஒளி மரக்கிளைகளுக்கும் எதிரே வருபவரின் முகத்துக்கும் சிதறும். வண்டிக்கு முன்னால் பத்தடி மட்டும் பளிச்சென்று இருக்கும். அந்தப் பளிச்சுக்குப் பழகிய கண்ணுக்குத் தொலைவு இன்னும் இருட்டாகத் தெரியும் என்பதை ஓட்டுபவர் உணர்வதில்லை. அதிலும் வயதானவர்கள் எதிரே வந்தால் கூச்சம் தணிந்து கண் மீண்டும் தெளிய அதிக நேரம் பிடிக்கிறது. விளக்கு முழுவதையும் எல்இடிக்காகவே வடிவமைத்துத் தரும் வண்டிகளுக்கு இந்தக் குறை பொருந்தாது. பழைய கூட்டுக்குள் புதிய பல்பைச் செருகுவதையே சொல்கிறேன்.

கடைசியாக விளக்கின் உயரம். இதற்குக் காசு செலவில்லை, ஆனாலும் இதைத்தான் யாரும் செய்வதில்லை. சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்து, டிம் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகாணியைத் திருப்ப வேண்டும். பின்னால் ஒருவர் ஏறினால் பின்பக்கம் அமுங்கி ஒளி மேலே எழும்பும் என்பதால், வழக்கமாக இருவர் செல்லும் வண்டியில் இருவரையும் உட்காரவைத்தே பார்க்க வேண்டும். என் வண்டியில் திருகாணி துருப்பிடித்திருந்ததால், ஒருவர் சுவரருகே நின்று சாக்கட்டியால் கோடு போட, நான் எண்ணெய் விட்டு அதைத் திருப்ப அரைமணி நேரம் ஆனது.

கூடுதல் வாட் பல்பைப் பற்றிய குறிப்பு வந்த அதே பகுதியில், மின்னழுத்தத்தை அளக்கும் முறையையும் சுவரில் உயரம் பார்க்கும் முறையையும் படத்துடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்