பிள்ளைக் காம்பராவைத் திறந்துவிட்டவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இலங்கை மலைநாட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனின் பழைய பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடத்தில், எங்கள் பழைய பொருட்களை வைத்து நாங்கள் நடத்திய பொருட்காட்சி நல்லபடியாக முடிந்தது. பொருள் தந்தவர்கள், பந்தல் போட்டவர்கள், முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சு தூக்கியவர்கள் என்று ஒவ்வொருவரின் லயத்து வரிசை வீட்டுக்கும் வந்து நன்றி சொல்வதுதான் முறை. கொழுந்து கூடியிருக்கிற நேரத்தில் அது நடக்காது. ஆகவே இந்த மடல். நாலு எழுத்துப் படித்தவள் என்று மலையில் என்னோடு நிரை பிடிக்கிற அக்காமார் இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதல் நன்றி, ட்ரங்குப் பெட்டியைத் திறந்த அம்மாயிகளுக்கும் அப்பாயிகளுக்கும். நாங்கள் கேட்டபோது "அதுல என்னடி இருக்கு, கிழிஞ்ச சீலைதான்" என்று சொன்னவர்கள் இவர்கள். சீலைக்கு அடியில் இருந்ததுதான் எங்கள் சரித்திரம். ஆறாம் லயத்து அம்மாயி எடுத்துத் தந்த தகர டிக்கட்டைப் பார்க்காமல் யாரும் போகவில்லை. ஓட்டை போட்ட சின்னத் தகரம். 1900களின் தொடக்கத்தில் அக்கரையில், தமிழ்நாட்டில், ஆள் பிடித்து அனுப்பும்போது கழுத்தில் கட்டிவிட்டது. அதில் பெயர் கிடையாது, தோட்டத்துக்கு ஒரு குறி, ஆளுக்கு ஒரு எண், அவ்வளவுதான். அம்மாயியின் பாட்டி அதைச் சாகும்வரை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாராம். அது இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்கு அர்த்தம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1947 தேர்தலில் எங்கள் ஆட்கள் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருஷமே எங்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்கும் போனது.

அதே பெட்டியில் 1964 ஒப்பந்தத்துக் காகிதங்களும் இருந்தன. இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, எங்கள் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதிக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்தில் அக்கா இங்கே, தங்கச்சி தமிழ்நாட்டுக் கோத்தகிரியில் என்று பிரிந்த வீடுகளை விரல்விட்டு எண்ண முடியாது. இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போன ரயிலை, அந்த அழுகைக் கோச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே அம்மாயிகள் மூக்கைச் சிந்துவார்கள். ஆனால் அந்தக் காகிதங்களைக் கறையானுக்கும் மழைக்கும் பொலிஸ் சோதனைக்கும் தப்பவைத்து, பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். 2003இல் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தபோது எத்தனையோ பேரன் பேத்திகளுக்கு அந்தப் பொலித்தீன் உறைதான் துணையாக இருந்தது.

பாட்டுப் பாடியவர்களுக்குத் தனி நன்றி. ஒப்பாரியை மேடையில் பாடுவதா, வீட்டுக்கு ஆகாது என்று பயந்தவர்களைச் சமாதானப்படுத்தவே ஒரு வாரம் போனது. கடைசியில் கொழுந்து மலைப் பாட்டும் தாலாட்டும் மட்டும் பாடுவது என்று முடிவானது. மைக்கைப் பார்த்ததும் பெரியம்மா ஒருவருக்கு ஒப்பாரி தானாக வந்துவிட்டது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டால் உரிமை பேசுவது எங்களுக்குப் புதிது இல்லை. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் நிலைமையைப் பாட்டாகவே எழுதி 1940இல் அச்சிட்டார், தோட்டக் கூட்டங்களில் தானே பாடவும் செய்தார். அவர் பெயரை எங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் நான் பார்த்ததில்லை. சுவரில் பெரிதாக எழுதி ஒட்டினோம்.

கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? பந்தல் செலவில் பாதி நீங்கள் அனுப்பிய காசு. அங்கே "ஊர் எது?" என்று கேட்டால் கண்டி என்றோ நுவரெலியா என்றோ சொல்லிச் சமாளிக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். தோட்டத்து அட்ரஸைப் பார்த்ததும் முகம் மாறுகிறது, சம்பளம் குறைகிறது, "தோட்டக்காட்டான்" என்ற சொல் பின்னாலேயே வருகிறது. அதைச் சொல்கிறவர் சிங்களவராகவும் இருக்கலாம், வடக்கிலிருந்து வந்த தமிழராகவும் இருக்கலாம். பேச்சை மாற்று, பொட்டைச் சின்னதாக்கு, அம்மா கொழுந்து பறிக்கிறார் என்று சொல்லாதே என்று புத்தி சொல்கிறவர்கள் எங்களுக்குள்ளேயே நிறையப் பேர். அப்படியிருந்தும் லீவு போட்டு வந்து, உங்கள் அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, தோட்டத்துப் பேரோடு போட்டீர்களே தங்கச்சிமாரே, அது பந்தல் காசைவிடப் பெரிது.

கீழ்க் கிராமத்து சிங்கள அக்காவுக்கு நன்றி. எங்கள் குறிப்பு அட்டைகளை எல்லாம் சிங்களத்தில் எழுதித் தந்ததோடு நிற்காமல், அவர் ஊர்ப் பெண்களையும் வேன் பிடித்துக் கூட்டி வந்தார். அவர்களில் ஒரு வயதான அம்மா கோப்பிக் காலத்துப் படத்தின் முன்னால் நின்று சொன்னதை அக்கா மொழிபெயர்த்தார்: இந்த மேட்டில்தான் அவருடைய முன்னோர் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்தார்களாம். 1840இல் வெள்ளைக்காரன் போட்ட முடிக்குரிய காணிச் சட்டம் கண்டி மலைநாட்டில் எத்தனையோ ஊர்களின் மேட்டுநிலத்தை வாரிக்கொண்டது. அந்த மேட்டில்தான் எங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நிலம் போனவர்களும் நிலமே இல்லாமல் வந்தவர்களும் இத்தனை தலைமுறையாக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருக்க, லாபம் லண்டனுக்குப் போனது. இதை நாங்கள் இன்னும் நிறையப் பேச வேண்டும் அக்கா. அடுத்த முறை உங்கள் ஊரிலேயே வைப்போம்.

சட்டம் படிக்கிற மகளுக்கு நன்றி. பொருட்காட்சிக்கு உதவி செய்ய வந்தவர், ஒரு மூலையில் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலில் வந்தது சம்பளம் கிடைக்காமல் கொழும்பு வீடு ஒன்றிலிருந்து திரும்பிய பிள்ளை. பொலிஸில் அவள் சொன்னது தமிழில், அவர்கள் எழுதியது சிங்களத்தில், கையெழுத்து மட்டும் அவளுடையது. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது, தமிழில் வாக்குமூலம் எழுதச் சொல்ல நமக்கு உரிமை உண்டு என்று இந்த மகள் விளக்கியபோது, பின்னால் இருந்த பெண்கள் தேத்தண்ணியை வைத்துவிட்டு மேசைப் பக்கம் நகர்ந்து வந்தார்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று அலைகிறவர்கள் வரிசையாகக் காகிதத்தை நீட்டினார்கள். மூக்காயி, அங்கம்மா, செல்லாயி என்ற பெயர்களை எத்தனை விதமாகக் கெடுத்து எழுத முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். திருத்த விண்ணப்பங்கள் போயிருக்கின்றன, வந்ததும் சொல்கிறேன்.

சம்பளச் சுவர் யோசனையைத் தந்த ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை ஐயாவுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். பழைய சம்பளச் சீட்டுகளை வருஷ வாரியாக ஒட்டினோம். ஒரே மலை, ஒரே வெயில், ஆனாலும் 1984 வரை பெண்ணுக்கு நாள் சம்பளம் ஆணைவிடக் குறைவு என்பதை இளம்பிள்ளைகள் நம்பவே இல்லை. சீட்டைக் காட்டித்தான் நம்பவைத்தோம். 2021இல் ஆயிரம் ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று சுவர் முடிந்த இடத்தில் யாரோ பென்சிலால், "தண்ணிக்கும் படங்குக்கும் கழிச்ச கிலோ எங்கே?" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழிக்கிற எடையைத்தான் கேட்டிருக்கிறார். அழிக்க மனமில்லை. எழுதியவருக்கும் நன்றி.

எங்கள் ஆம்பளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சோறு ஆக்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அண்ணன் தம்பிமாருக்கு மனதார நன்றி. "பொம்பளைகளுக்கு எதுக்குக் கண்காட்சி?" என்று கேட்ட தலைவருக்குப் பதிலைப் பொருட்காட்சியே சொல்லியிருக்கும். சங்கத்துச் சந்தாவில் பெரும்பகுதி கொழுந்து பறிக்கிறவர்கள் சம்பளத்தில் பிடிப்பது, மேடை நாற்காலி மட்டும் ஆம்பளைகளுக்கு. இதைக் கோபமாக எழுதவில்லை. கணக்காக எழுதுகிறேன்.

தப்புப் பறை அடிக்க எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கிக்கொடுத்த மாமாவுக்குப் பெரிய கும்பிடு. பெண் பிள்ளைகள் தப்பைத் தொடுவதா என்று ஒரு பக்கம், அது இன்ன சாதிக்காரர் அடிப்பது என்று இன்னொரு பக்கம் சத்தம் வந்தது. பழையது என்பதற்காக எல்லாவற்றையும் நாங்கள் தூக்கிப்பிடிக்கப் போவதில்லை. தப்பு வேண்டும், அதோடு வருகிற சாதி வேண்டாம். மாசியில் ஆடுகிற, மன்மதன் ரதி கதையான காமன் கூத்தில் ரதி வேஷத்தை இதுவரை ஆம்பளைதான் கட்டியிருக்கிறார். வருகிற மாசியில் ஒரு பெண் பிள்ளை கட்டட்டும் என்று கேட்டிருக்கிறோம். மாமா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். நல்லா யோசிங்க மாமா, மாசிக்கு நாள் இருக்கிறது.

பிள்ளைக் காம்பராவின் சாவியை நிர்வாகம் முதலில் தரவில்லை, காரணமும் சொல்லவில்லை. பேசி வாங்கித் தந்த பிள்ளைக் காம்பரா டீச்சருக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டவர்கள். எங்களில் பாதிப் பேர் அதே கட்டடத்தில் சீலைத் தொட்டிலில் வளர்ந்தவர்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, கூரைத் தகரத்தில் இருந்த ஓட்டையையும் நம்ம பையன்கள் அடைத்துவிட்டார்கள்.

கடைசியாக, பொருட்களை வாங்கிக்கொள்ளாதவர்கள் தயவுசெய்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பித்தளைச் செம்பு, இரண்டு முக்காட்டுக் கம்பளி, பெயர் எழுதாத கல்யாணப் போட்டோ ஒன்று, தலைக்கயிறு போட்ட பழைய பிரம்புக்கூடை ஒன்று என் வீட்டில் இருக்கின்றன. கூடையில் பூச்சி ஏறுகிறது, வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். பிந்தினால் நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
டிவிஷன் பெண்கள் சார்பில்,
நிரையில் கடைசியாக நிற்பவள்