லிங்கன் பிளந்தது தண்டவாளம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆபிரகாம் லிங்கனின் ‘ரெயில் ஸ்பிளிட்டர்’ என்ற பட்டப்பெயரை ரயிலோடு முடிச்சுப் போடுவது தவறு. அங்கே ரெயில் என்பது வேலிக்கு அடுக்கும் மரச்சட்டம். ஏறக்குறைய 10 அடி நீளம். அடிமரத்தின் முனையில் இரும்பு ஆப்பை வைத்து மரச்சம்மட்டியால் அடிப்பார்கள். விரிசல் விட்டதும் மர ஆப்புகளை அடுத்தடுத்து இறக்கி இரண்டாக, நான்காகப் பிளப்பார்கள். கணுவோ முறுக்கிய நாரோ குறுக்கிட்டால் பிளவு கோணலாக ஓடும், சட்டம் வீண். தோளுக்கு மட்டுமல்ல, கண்ணுக்கும் வேலை அது.

1860 மே மாதம் இல்லினாய் மாநிலத்தின் டெகேட்டரில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டுக்குள், லிங்கனின் உறவினர் ஜான் ஹாங்க்ஸ் இப்படிப்பட்ட இரண்டு சட்டங்களைப் பதாகையோடு கொண்டுவந்தார். யோசனை உள்ளூர்க் கட்சிப் பிரமுகர் ரிச்சர்ட் ஓகல்ஸ்பியுடையது. 1830-ல் செய்த 3,000 சட்டங்களில் இவை இரண்டு என்றது பதாகை. லிங்கனோ இவை தாம் பிளந்தவைதான் என்று அடித்துச் சொல்லவில்லை. இவற்றைவிட நல்லவற்றைப் பிளந்திருக்கிறேன் என்றார். அந்த நேர்மைதான் அந்தப் படிமத்துக்கு உயிர் தந்தது என்பது என் கருத்து.

அப்போது அவர் ரயில் நிறுவனங்களுக்காகவும் வாதாடிய, பெயர்பெற்ற வழக்கறிஞர். ஆனாலும் மக்கள் மனதில் பதிந்தது கோடரிதான். தமிழில் எழுதுவோர் இனியாவது ‘வேலிச்சட்டம் பிளந்தவர்’ என்றே எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்